இரண்டு பக்கமும் தகரம்

ஏப்ரல் 6

மாண்புமிகு நகராட்சித் தலைவி அவர்களுக்கு,

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் நலம். நலம் என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ள எனக்கு மனசு வராது. விவரமாகவே எழுதுகிறேன்.

மூத்தவனுடைய மகள் நர்சிங் கடைசி வருடம். போன பரீட்சையில் கல்லூரியிலேயே முதலாவதாக வந்திருக்கிறாள். இரண்டு பேர் சேர்ந்து முதலாவது என்று சில கல்லூரிகளில் சொல்வார்கள், அப்படி இல்லை. தனியாக. அவள் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஒரு வீட்டைத் தூக்கி இன்னொரு இடத்தில் வைக்கிற மாதிரி கிரேன். அவன் உட்காருகிற அறைக்குப் போகவே லிஃப்டில் ஏற வேண்டுமாம். மகளுடைய பையன் நீச்சலில் மாவட்ட அளவில் வெள்ளி வாங்கியிருக்கிறான். தங்கம் வாங்கினவன் இவனைவிட ஒரு முழம் உயரம், அதனால் அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. கடைக்குட்டிக்கு இன்னும் முன்பல் விழவில்லை. மூடியிருந்த பள்ளிக்கூடம் மறுபடி திறந்த கையோடு பேச்சுப் போட்டி வைத்தார்கள். மைக் எட்டாமல் நாற்காலியில் ஏறி நின்று பேசிப் பரிசு வாங்கிவிட்டாள். தலைப்பு 'நல்ல தலைமை'. கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. நல்லவிதமாக வரவில்லை.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், நீங்கள் ஒரு ஆள் கைவிட்டதால் இந்தக் குடும்பம் சாய்ந்துவிடவில்லை என்று தெரிந்துகொள்வதற்காக.

நேற்று நீங்கள் அனுப்பிய சுகாதாரப் பணியாளர் வந்தாள். நல்ல பெண். வெயிலில் நடந்து வந்திருக்கிறாள், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

"அம்மா, நீங்க ஒருத்தர் வந்து தடுப்பூசி போட்டுக்கிட்டா போதும், தெருவே வந்துடும்னு தலைவி சொல்லச் சொன்னாங்க" என்றாள்.

"என் தெருவுல ஆள் இருக்குன்னு உங்க தலைவிக்கு இப்பதான் ஞாபகம் வந்துதா?"

"ஊசி உங்க நல்லதுக்குத்தாம்மா."

"தெரியும்மா. என் பேத்தி தினம் ஃபோன்ல அதைத்தான் கத்தறா. ஊசி மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆளனுப்பினவ மேலதான்."

பாவம், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

'நீங்கள்' போட்டு எழுத இதற்கு மேல் எனக்குக் கை வரவில்லை. கேள். உன் அத்தான் போன அன்று, இனி உன் குரலை இந்தக் காதால் கேட்க மாட்டேன் என்று சொன்னேன். வருடம் திரும்பிவிட்டது, அதில் மாற்றமில்லை. அதனால்தான் நீ ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். விலாசம் எழுதி வைத்திருந்த வெறும் கவரைத் தபால்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா இதுக்கு ஸ்டாம்ப்? ரெண்டு தெரு தள்ளி. போற வழியில நானே குடுத்துடறேன்" என்றார். ஒட்டி அனுப்பினால்தான் அது கடிதம், கையில் கொடுத்தால் உறவு என்று ஆகிவிடும் என்றேன்.

என் நிபந்தனை ஒன்றுதான். போன வருடம் தொற்று வந்தபோது நம் தெருமுனையில் தகரம் அடித்தாயே, அந்த இடத்துக்கு வா. மைக்கைப் பிடி. உனக்குப் பழக்கம்தானே. 'இந்தத் தெருவை இரண்டு பக்கமும் அடைத்தது தப்பு, அதனால்தான் என் அத்தான் செத்தார்' என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல். சொன்ன மறுநிமிஷம் முதல் கை என் கை. அதுவரைக்கும் இந்தத் தெருவிலிருந்து ஒரு கையும் நீளாது.

இப்படிக்கு,
உன் அத்தானின் மனைவி


ஏப்ரல் 10

அக்கா,

நகராட்சித் தாளில் எழுதினால் அதையும் கேள்வி கேட்பார்கள் என்பதால் வெள்ளைத் தாளில் எழுதுகிறேன். பேத்திக்கு என் வாழ்த்தைச் சொல். வெள்ளி வாங்கினவனுக்கும்.

மைக் பிடிக்க மாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

இந்த ஊரில் நான் ஒரு தெருவை மூடினால் அது மூடியிருக்கிறது. அது ஒன்றுதான் என் கையில் இருக்கிற பலம். இத்தனை தெருவுக்கும் நிறுத்த என்னிடம் காவலர்கள் இல்லை. தலைவி சொல்லிவிட்டாள், ஏதோ காரணம் இருக்கும் என்று ஜனங்கள் உள்ளே இருக்கிறார்கள், அவ்வளவுதான். 'அன்றைக்கு மூடினது தப்பு' என்று நானே மைக்கில் சொன்னால், அடுத்த மாதம் இன்னொரு தெருவை மூடும்போது 'இதுவும் தப்புதானே' என்று வெளியே வருவார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் வருவேன். அடுத்த அலை வருகிறது அக்கா. பெருநகரத்தில் படுக்கை இல்லை. எங்களுக்கு எச்சரிக்கை வந்துவிட்டது. வருகிற நேரத்தில் என் சொல்லை நானே உடைத்துப் போட முடியாது.

மற்ற தெருக்களுக்கு ஒரு பக்கம் தகரம், மறுபக்கம் தூக்கி இறக்குகிற கம்பு. உனக்கு மட்டும் ஏன் இரண்டு பக்கமும் தகரம் என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாய். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

மாவு மில் வாசலில் நின்றுகொண்டு, "என் தங்கச்சி தலைவியா இருக்கிற வரைக்கும் நம்ம தெருவுல ஒரு குச்சி நட மாட்டாங்க" என்று சொன்னது யார்? அரைக்க வந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. மாலைக்குள் மன்றக் கூடத்துக்கு வந்துவிட்டது. எதிர்வரிசை உறுப்பினர் எழுந்து நின்று, "அக்கா தெருவுக்குக் கதவு மட்டும் வெப்பீங்களா தலைவி, இல்ல திரைச்சீலையும் உண்டா?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. என் பக்கத்து ஆட்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் உட்கார்ந்துதான் உத்தரவு போட்டேன்.

வேறு யாருடைய அக்காவாக இருந்திருந்தாலும் கம்புதான் வைத்திருப்பேன்.

உன் தெருவில் வயதானவர்கள் அதிகம். ஊசி முகாம் பள்ளிக்கூடத்தில் திங்கள்கிழமை. என் மேல் இருக்கிற கோபத்தை எங்கே வேண்டுமானாலும் காட்டு, இதில் காட்டாதே.

தங்கை


ஏப்ரல் 15

தலைவி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மன்னிப்பு எங்கேயாவது மடிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. நான் மாவு மில்லில் பேசினதுதான் இருக்கிறது. நன்றாக இருக்கிறது உன் நியாயம். நான் வாயைத் திறந்தேன், நீ தெருவை மூடினாய்.

தங்கையைப் பற்றிப் பெருமையாக நாலு வார்த்தை சொன்னேன். அதற்கு இதுதான் தண்டனை என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

அன்றைக்கு நடந்ததை உனக்கு யார் யாரோ சொல்லியிருப்பார்கள். நான் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். காலையில் உன் அத்தான் பம்பு மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மோட்டார் ரிப்பேர் செய்கிறவருக்குக் கை சும்மா இருக்காதே. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "நெஞ்சுல ஏதோ அடைக்குது" என்றார். அந்தத் தொற்று இல்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. நெஞ்சு. ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். வந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, சீக்கிரமே வந்துவிட்டது.

வண்டியின் சத்தம் இந்த முனையில் கேட்டது. பிறகு அந்த முனையில் கேட்டது. பிறகு மறுபடியும் இந்த முனையில். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டாங்களா?" என்று கேட்டார். வந்துட்டாங்க என்றேன். பொய் இல்லையே. வந்துதான் இருந்தார்கள், தகரத்துக்கு அந்தப் பக்கம்.

இஸ்திரிக்காரர் தன் மேஜையில் இருந்த துணியையெல்லாம் ஒரே தள்ளாகத் தரையில் தள்ளிவிட்டு மேஜையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அதில்தான் உன் அத்தானைப் படுக்க வைத்துத் தூக்கினார்கள். வெல்டர் தகரத்தை அறுக்க ஆரம்பித்தார். எவ்வளவு கெட்டியாக அடித்திருந்தார்கள் தெரியுமா? நல்ல வேலை. நகராட்சி வேலை இவ்வளவு சுத்தமாக நடந்து நான் பார்த்ததில்லை. அறுத்து முடித்தபோது ஆம்புலன்ஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

கம்பு என்றால் ஒரு ஆள் தூக்கினால் தூக்கிக்கொள்ளும்.

உன் முதல் தேர்தலுக்கு மைக் செட் கட்டினது அவர். வெயிலில் ஏணியில் நின்று ஒவ்வொரு முனைக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினார். அந்த மைக்கைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்ல உனக்குப் பயம்.

சரி, திங்கள்கிழமை முகாம் எப்படி நடந்தது? எனக்குத் தகவல் வந்துவிட்டது. நாற்காலிகள் வரிசையாகப் போட்டபடியே இருந்தனவாம். எங்கள் தெருவுக்கு ஒதுக்கின நேரத்தில் டாக்டர் தலையைச் சாய்த்துத் தூங்கினாராம். உன் மைக் வண்டி எங்கள் தெருவில் நுழைந்தபோது ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்களே, டிரைவர் சொன்னாரா? நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. வெல்டரின் மனைவி ஒருத்திதான் கிளம்பினாள். "போ, தாராளமா போ. திரும்பி வர்றப்ப எந்தப் பக்கமா வருவ?" என்று மட்டும் கேட்டேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டாள்.

உன்னைப் பார்த்துக் கூடம் சிரித்ததல்லவா. இப்போது பள்ளிக்கூடம் சிரிக்கட்டும்.

உன் அத்தானின் மனைவி


மே 2

அக்கா,

அத்தானைப் பற்றி நீ எழுதினதைப் படித்துவிட்டு அன்று நான் அலுவலகம் போகவில்லை. அதை இங்கே எழுத வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஊரில் நிலைமை மோசம். பள்ளிக்கூடத்தை மருத்துவமனை ஆக்கிவிட்டோம். ஊசி முகாம் இப்போது நகராட்சிக் கூடத்தில். மற்றத் தெருக்காரர்கள் வருகிறார்கள், வராதவர்களை நானே போய்க் கதவைத் தட்டிக் கூட்டி வருகிறேன். உன் தெருவுக்குள் மட்டும் என்னால் நுழைய முடியவில்லை. போன வாரம் வந்தேன். மாடியிலிருந்து யாரோ வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். துணி அலசின தண்ணீர். உன் மாடி இல்லை, பார்த்துக்கொண்டேன்.

இஸ்திரிக்காரரை நேற்று சேர்த்திருக்கிறோம். மூச்சு வாங்குகிறது. ஆக்சிஜன் கிடைத்துவிட்டது, அதற்கு நான் எத்தனை பேரிடம் பல்லைக் காட்டினேன் என்பதை விடு. ஏப்ரலில் ஊசி போட்டிருந்தால் வந்திருக்காதா என்று டாக்டரிடம் கேட்டேன். வராது என்று சொல்ல முடியாது, வந்தாலும் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றார்.

ஒன்று சொல்கிறேன். உன் வீட்டு அடுப்படிக்கு வருகிறேன். கதவைச் சாத்திக்கொள். என்ன சொல்லச் சொல்கிறாயோ சொல்கிறேன். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். தெருவில் மட்டும் கேட்காதே. அடுப்படிக்கு உன் தங்கச்சி வருவாள். தெருவுக்கு வர வேண்டியவள் தலைவி, அவளால் முடியாது.

பதில் உடனே போடு. தயவுசெய்து.


மே 5

தலைவி,

உன் அத்தானை அடுப்படியிலிருந்து தூக்கிக்கொண்டு போகவில்லை. தெருவில் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லோரும் பார்த்தார்கள்.

எங்கே அடைத்தாயோ அங்கே வந்து சொல்.

இஸ்திரிக்காரருக்குக் கஞ்சி கொடுத்து அனுப்பினேன். வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட மாட்டோம் என்றார்களாம். நல்ல ஏற்பாடு. அவருக்குக் கிடைத்ததா என்று மட்டும் கேட்டுச் சொல்.


மே 14

இஸ்திரிக்காரர் இன்று காலையில் காலமானார்.

கஞ்சி முதல் இரண்டு நாள் குடித்தார். அதற்குப் பிறகு அவரால் முடியவில்லை.

தகரம் நான் அடித்தது. அதை நான் சுமந்துகொள்கிறேன், மைக் இல்லாமலே. இது யார் அடித்தது என்று நீ யோசி.

இனி நான் எழுதப் போவதில்லை.


மே 23

நீ எழுதாவிட்டால் போகிறது. நான் எழுதுகிறேன். உனக்குத் தெரிய வேண்டிய விஷயம் இருக்கிறது. செய்தித்தாளில் பார்த்திருப்பாய், ஆனாலும் என் கையால் எழுதி நீ படித்தால்தான் எனக்கு நிம்மதி.

இஸ்திரிக்காரரின் மனைவி வந்திருந்தாள். அழவில்லை. என் புடவைகள் நாலு, தேய்த்து மடித்தது, கையில் வைத்திருந்தாள்.

"படுக்கறதுக்கு முந்தி தேய்ச்சு வெச்சது. எடுத்துக்கங்க. இனிமே கடை இல்ல" என்றாள்.

உள்ளே வா என்றேன். வரவில்லை.

"நான் அவர்கிட்ட சொன்னேங்க, போய்ப் போட்டுக்கிட்டு வந்துடலாம்னு. அவர்தான், 'அந்தம்மா வீட்டுக்காரரை என் மேஜையிலதான் தூக்கினேன். அவங்க வேணாங்கறப்ப நான் எப்படிப் போறது'ன்னாரு. உங்களுக்குள்ள அக்கா தங்கச்சி சண்டை. அது எங்க வீட்டுல வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு."

இதை அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். புடவையை வாங்கி வைத்துக்கொண்டேன். இன்னும் பிரிக்கவில்லை.

அதற்காக நான் உன் முகாமுக்கு வந்துவிடுவேன் என்று நினைத்தாயா? நன்றாக நினைத்தாய்.

பேத்திக்கு ஃபோன் போட்டேன். "ஊசியை இந்த ஊர்லதான் போட்டுக்கணும்னு சட்டம் இருக்கா?" என்று கேட்டேன். "அடையாள அட்டை இருந்தா எந்த ஊர்ல வேணும்னாலும் போட்டுக்கலாம் பாட்டி. ஏன், எங்க போகப் போறே?" என்றாள். பிறகு அவளுக்கே விளங்கிவிட்டது. "பாட்டி, நீ மனுஷியே இல்ல" என்று சிரித்தாள். கல்லூரியில் முதலாவதாக வந்தவள், விளங்காமல் போகுமா?

உன்னோடு குடிநீருக்கு மல்லுக்கட்டுகிறாரே பக்கத்து ஊர்த் தலைவர், நீ 'குழாய்' என்று பெயர் வைத்திருக்கிறாயே, அவரிடமே நேராக ஃபோனில் பேசினேன். "இன்ன தெருவிலேர்ந்து பேசறேன், உங்க ஊர் முகாமுக்கு நாங்க மொத்தமா வரலாமா?" என்றேன். "அது... தலைவியோட அக்கா தெருதானே?" என்றார். "அக்காவேதான் பேசறேன்" என்றேன். மனுஷர் உருகிவிட்டார்.

மாவு மில்காரரின் லாரியைக் கழுவி, வெல்டர் பின்னால் ஏறப் படி வைத்துக் கொடுத்தார். நான் வீடு வீடாகப் போனேன். "இத்தனை நாள் வேணாம்னு சொன்ன வாய்தான் இப்ப வான்னு சொல்லுது. கிளம்புங்க" என்றேன். மாவு மில்லில் வேலை செய்கிற கிழவர் மட்டும், "உன் தங்கச்சி மன்னிப்புக் கேட்டாச்சா?" என்று கேட்டார். "இல்ல. அதனாலதான் லாரி" என்றேன். முதலில் இஸ்திரிக்காரரின் மனைவியை முன் சீட்டில் ஏற்றினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏறினாள், அது போதும்.

அங்கே நிழலுக்குப் பந்தல், ஆளுக்கொரு நாற்காலி, டீ, பிஸ்கட். குழாய் வாசலுக்கே வந்து நின்றார். பத்திரிகைக்காரர்களை முன்னாலேயே வரவழைத்துவிட்டார், உன்னைப் போலவா? "எதுக்கும்மா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று ஒரு பையன் கேட்டான். "எங்க ஊர்ல தலைவர் யாரும் இல்லப்பா. அதான் இருக்கிற ஊருக்கு வந்தோம்" என்றேன். கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன், உன் பிரதி கிழிந்துவிட்டிருந்தால் உபயோகப்படும்.

முதல் கை என் கை. எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. இதற்கா உன்னிடம் வந்திருப்பேன்?

தெருவில் ஒரு ஆள் பாக்கியில்லை. உன் கணக்கில் ஒரு ஆள் சேரவில்லை.

உன் அத்தானின் மனைவி


மே 28

அக்கா,

எழுத மாட்டேன் என்று சொன்னேன். நீ விட மாட்டாய்.

நேற்று மாவட்ட அதிகாரி நடத்தின கூட்டம். எல்லா ஊர்த் தலைவர்களும் இருந்தோம். ஒவ்வொரு ஊராக வாசித்து, எங்கள் ஊருக்கு வந்ததும் அதிகாரி நிறுத்தினார். "இந்த ஒரு தெருவுல மட்டும் ஏன் ஒருத்தர்கூட வரல?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் குழாய் எழுந்துவிட்டார். "தலைவி அவர்களோட சொந்த அக்காவே தெரு மொத்தத்தையும் கூட்டிக்கிட்டு எங்ககிட்டதான் வந்தாங்க சார். நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க." இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலை என்னால் உயிர் போகும்வரை மறக்க முடியாது. மேஜையில் ஒரு கீறல் இருந்தது. கூட்டம் முடிகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரியான இடத்தில் அடித்தாய். வேறு யாருக்கும் இந்த இடம் தெரிந்திருக்காது.

வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்த பிறகு டிரைவர் கேட்டார், "என்னங்கம்மா, திட்டினாங்களா?" "ஆமா" என்றேன். "அப்புறம் ஏன் சிரிக்கறீங்க?" என்றார். நான் சிரித்தது எனக்கே தெரியவில்லை. உன் தெரு முழுக்க ஊசி போட்டாயிற்று என்பதை அந்தக் கூட்டத்தில்தான் நிச்சயமாகத் தெரிந்துகொண்டேன்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. நானும் உன்னை மன்னிக்கவில்லை. இஸ்திரிக்காரர் விஷயத்தில் நான் மன்னிக்கப் போவதும் இல்லை.

இன்னொன்று. இன்று மன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். இனி எந்த நோய்க்கும், எந்தக் காரணத்துக்கும், இந்த ஊரில் எந்தத் தெருவையும் இரண்டு பக்கமும் அடைக்கக் கூடாது. ஒரு பக்கம் தூக்குகிற கம்பு இருந்தே ஆக வேண்டும், பக்கத்தில் ஆள் நின்றே ஆக வேண்டும். அன்றைக்குத் திரைச்சீலை கேட்ட எதிர்வரிசைக்காரர் எழுந்தார். "போன வருஷம் நீங்களே அடைச்சீங்களே தலைவி, இப்ப என்ன புதுசா?" என்றார். "ஆமா, நான்தான் அடைச்சேன்" என்றேன். உட்கார்ந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. தீர்மானத்தில் அத்தான் பெயர் இல்லை. தேடாதே.

எனக்கு அலுத்துவிட்டது அக்கா. இந்தத் தடவையோடு போதும். அடுத்த தேர்தலில் நிற்பதாக இல்லை. உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இரண்டாவது ஊசிக்கு உன் தெருமுனையிலேயே முகாம் போடச் சொல்லியிருக்கிறேன். வயதானவர்களை லாரியில் ஏற்றி இறக்க வேண்டாம். கை வீங்கியதா? காய்ச்சல் வந்திருந்தால் ஒரு நாள் படுத்திரு. படுத்திருக்க மாட்டாய், தெரியும்.

தங்கை


ஜூன் 3

தலைவி,

காய்ச்சல் வந்தது. ஒரு நாள் படுத்திருந்தேன். நீ சொன்னதற்காக இல்லை, எழுந்திருக்க முடியவில்லை.

தீர்மானத்தைச் சுகாதாரப் பணியாளர் கொண்டுவந்து வாசித்துக் காட்டினாள். தேடாதே என்று நீ எழுதினதால்தான் தேடினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். அவர் பெயர் இல்லை. நான் கேட்டது அவருடைய பெயரை, நீ கொடுத்தது ஒரு கம்பு. வைத்துக்கொள்கிறேன். யாருக்காவது உதவும். ஆனால் இதோடு தீர்ந்தது என்று நினைத்துவிடாதே. தெருமுனை அங்கேயேதான் இருக்கிறது, மைக்கும் உன் ஆபீசில்தான் இருக்கிறது.

இரண்டாவது ஊசிக்கும் லாரிதான். குழாய் இந்தத் தடவை மின்விசிறி வைக்கிறாராம். நடக்க முடியாத இரண்டு மூன்று பேரை மட்டும் உன் முகாமுக்கு அனுப்புகிறேன். இஸ்திரிக்காரரின் மனைவியைக் கேட்டேன், "எங்க வேணும்னாலும் வரேன், உங்ககூட மட்டும் வேணாம்" என்றாள். அவள் உன்னிடம் வருவாள். நல்ல நாற்காலியாகப் போடு. அவளை ஒன்றும் கேட்காதே.

நீ தேர்தலில் நிற்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அது என்ன நியாயம்? வருடம் முழுக்க நான் எதற்காகக் காத்திருக்கிறேன்? நீ நிற்க வேண்டும். மைக் செட் கட்டிக்கொண்டு, கைகூப்பிக்கொண்டு, எங்கள் தெருவுக்கும் ஓட்டுக் கேட்டு வர வேண்டும். ஒவ்வொரு வாசலாக வந்து, கடைசியில் என் வாசலில் நிற்க வேண்டும். அப்போது நான் கதவைத் திறந்து, எல்லோரும் பார்க்க, "இல்லை" என்று சொல்ல வேண்டும். அலுத்துவிட்டது என்று சொல்லி அதை என்னிடமிருந்து பறித்துக்கொண்டு போகலாம் என்று பார்க்கிறாயா? நிற்காமல் ஓடினால் அதற்கு ஒரு தனிக்கணக்கு வைத்துக்கொள்வேன். நில். நான் தோற்கடிப்பதற்காகவாவது நில்.

வெல்டரின் மனைவி ஏதோ சான்றிதழ் வாங்க உன் ஆபீசுக்கு வந்திருந்தாளாம். திரும்பி வந்து, "தலைவி பாதியா ஆயிட்டாங்க. முடி பூரா வெளுத்துப் போச்சு. டீ குடிக்க மாஸ்கை எடுத்தாங்க, எனக்கு அடையாளமே தெரியல" என்றாள். அவள் எதையும் கூட்டிச் சொல்கிற ஆள், அவள் பேச்சை வைத்து நான் முடிவுக்கு வர முடியாது. ஜீப்பில் நீ போகும்போது எனக்கு நெற்றி மட்டும்தான் தெரிகிறது. செய்தித்தாளில் போடுவதோ நீ ஜெயித்த வருஷத்துப் படம், அதில் உனக்குக் கன்னம் இருக்கிறது.

நான் இவ்வளவு பாடுபட்டு உன்னைப் படுத்தியிருக்கிறேன். அது உன் முகத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க எனக்கு உரிமை உண்டு. அதனால் புதிதாக ஒரு போட்டோ எடுத்துக்கொள். மாஸ்க் வேண்டாம், முடிக்குச் சாயம் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். இன்றைக்கு எப்படி இருக்கிறாயோ அப்படியே உட்கார்ந்து எடுத்து, ஸ்டாம்ப் ஒட்டி, தபாலில் அனுப்பு.